காலடிப்பேட்டை: ஒரு நெசவு ஊர் எப்படி உண்டாக்கப்பட்டது?

வண்ணாரப்பேட்டை–விம்கோ நகர் மெட்ரோ பாதை 2021 பிப்ரவரியில் திறந்த பிறகு, வடசென்னைப் பக்கம் வராதவர்களுக்கும் காலடிப்பேட்டை என்ற பெயர் பழகிவிட்டது. கூடவே குழப்பமும் வந்தது. ஆதிசங்கரர் பிறந்த கேரளக் காலடியோடு இந்த ஊரை முடிச்சுப் போடுகிறவர்கள் உண்டு. யாரோ மகானின் பாதம் பட்ட இடம் என்பவர்களும் உண்டு. வெள்ளைக்கார கவர்னர் ஒருவர் தன்னிடம் வேலை பார்த்த பக்தருக்காகக் கட்டிய பெருமாள் கோவிலைச் சுற்றி வளர்ந்த ஊர் என்பது மூன்றாவது கதை.

முதல் இரண்டுக்கும் அடிப்படை இல்லை. 1717 முதல் 1720 வரை சென்னைக் கோட்டையின் கவர்னராக இருந்த ஜோசப் காலெட்டின் பெயரால் அமைந்த காலெட் பேட்டைதான் வாய்வழக்கில் காலடிப்பேட்டை ஆனது. மூன்றாவது கதையில் விஷயம் இருக்கிறது, ஆனால் அது வரிசையைத் தலைகீழாக்கிவிடுகிறது. ஊரை உண்டாக்கியது துணி வியாபாரம். அந்த ஊர் கலைந்துவிடாமல் இருக்கத் தேவைப்பட்ட ஏற்பாடுகளில் ஒன்று கோவில்.

கிராமம் வேறு, பேட்டை வேறு

காலடிப்பேட்டையை ஒட்டியிருக்கும் திருவொற்றியூர் தேவாரப் பாடல் பெற்ற தலம். சுந்தரர் சங்கிலியாரை மணந்ததாகப் பெரியபுராணம் சொல்லும் ஊர். முதலாம் ராஜேந்திர சோழன் காலத்தில் அங்கே கருங்கல் விமானம் எழுந்தது. கோவில், ஏரி, நஞ்சை, புஞ்சை, நிலத்தில் காணியாட்சி (பரம்பரை உரிமை) உள்ள குடிகள் என்று தலைமுறை தலைமுறையாக ஊறி வந்த ஊர் அது. அதைத் தோற்றுவித்தவர் யார் என்று கேட்பதில் அர்த்தமில்லை.

பேட்டையின் சங்கதி வேறு. கோட்டைக்கோ பட்டணத்துக்கோ வெளியே, ஒரு தொழிலுக்காக அல்லது சந்தைக்காக ஆட்களைக் கொண்டுவந்து வைக்கிற குடியிருப்பு அது. வயல் இல்லாததால் அங்கே இருப்பவர்கள் அரிசியை விலைக்குத்தான் வாங்கியாக வேண்டும். வரவு நின்றால் ஊர் காலி. பேட்டைக்கு ஒரு தொடக்க நாள் உண்டு, செலவு செய்தவர் உண்டு, நோக்கம் உண்டு. ஆகவே அது எப்படி உண்டானது என்பதைக் கணக்காகவே விளக்க முடிகிறது.

நிலம் கைக்கு வந்த வழி

1639-ல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கிடைத்தது கடலோரத்தில் ஒரு சிறு துண்டு நிலம்தான். சுற்றியிருந்த கிராமங்கள் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வந்தன:

1. 1676-ல் திருவல்லிக்கேணி.
2. 1693-ல் எழும்பூர், புரசைவாக்கம், தண்டையார்பேட்டை.
3. 1708-ல் நவாப் தாவூத் கான் கொடுத்த ஐந்து கிராமங்கள்: திருவொற்றியூர், நுங்கம்பாக்கம், வியாசர்பாடி, கத்திவாக்கம், சாத்தங்காடு.
4. 1711-ல் அடுத்து வந்த நவாப் சாதத்துல்லா கான் அந்த ஐந்தையும் திரும்ப எடுத்துக்கொண்டார்.
5. 1717-ல் டெல்லி பாதுஷா பரூக்சியரின் பர்மானில் (அரச ஆணையில்) அவை மறுபடி கம்பெனிக்கு என்று எழுதப்பட்டன.

எழுதியதும் நிலம் வந்துவிடவில்லை. காலெட் ஆள் அனுப்பித் திருவொற்றியூரைப் பிடித்தார், எதிர்த்து வந்தவர்களோடு அதே ஆண்டில் சண்டையும் நடந்தது. இரண்டு வருஷத்துக்குள் அந்தத் திருவொற்றியூரை ஒட்டியே ஒரு புதுக் குடியிருப்பை அவர் நிறுவியதை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும். ஏற்கெனவே ஒருமுறை கைவிட்டுப் போன நிலம். அதில் தன் பணத்தை நம்பி வாழும் குடிகளை வைத்துவிட்டால், அடுத்த முறை யாரும் லேசில் பிடுங்க முடியாது.

துணிக்கு ஏன் இந்த அவசரம்?

சோழமண்டலக் கரையில் கம்பெனி வாங்கிய முக்கியச் சரக்கு பருத்தித் துணி. வெள்ளைத் துணியில் லாங்கிளாத், சேலம்பூர், மூரி போன்ற ரகங்கள். வண்ணத்தில், கையால் எழுதிச் சாயம் ஏற்றிய சீட்டித் துணி. இவை லண்டனுக்குப் போய் அங்கிருந்து பல திசைக்கும் பிரிந்தன. ஒரு பகுதி மேற்கு ஆப்பிரிக்காவில் அடிமை வியாபாரத்தில் மாற்றுச் சரக்காகவும் செலவானது. வடசென்னைத் துணியின் வரலாற்றில் மறைக்கக் கூடாத பக்கம் இது.

காலெட் பேட்டை உருவான அதே 1719-ல் லண்டன் நெசவாளர்கள் இந்தியத் துணிக்கு எதிராகத் தெருவில் இறங்கிக் கலகம் செய்தார்கள். சீட்டித் துணி உடுத்திய பெண்களை மறித்து உடையைக் கிழித்தார்கள். அச்சிட்ட, வண்ணமிட்ட பருத்தித் துணியின் பயன்பாட்டைத் தடுக்கும் சட்டம் 1721-ல் வந்தது. ஆனாலும் கம்பெனி வாங்குவதை நிறுத்தவில்லை, மறு ஏற்றுமதிக்குத் தடை இல்லை. வாடிக்கையாளர் மாறினார்களே தவிர தறிக்கு வேலை இருந்தது.

சிக்கல் வேறிடத்தில் இருந்தது. நெசவாளர்கள் காஞ்சிபுரம், ஆரணி என்று உள்நாட்டில் பரவிக் கிடந்தார்கள். துணி கோட்டைக்கு வந்து சேர்வதற்குள் பல சுங்கச் சாவடிகள், பல எஜமானர்கள். போர் வந்தால் வழி அடைபடும். பட்டணத்துக்குள்ளேயே குடியேற்றலாம் என்றால் அங்கே வலங்கை, இடங்கை என்ற இரண்டு சாதி அணிகளுக்குள் சண்டை. 1707-ல் வெடித்த தகராறில் வலங்கையார் ஒரு பகுதியினர் சாந்தோமுக்கே வெளியேறிப் போனார்கள். பெத்தநாயக்கன்பேட்டை வலங்கைக்கு, முத்தியால்பேட்டை இடங்கைக்கு என்று பிரித்த பிறகும் பூசல் ஓயவில்லை. இவ்வளவுக்கும் நடுவே, பட்டணத்துக்கு வெளியே, ஆனால் தன் எல்லைக்கு உள்ளே ஒரு வெற்றிடம் கிடைத்தது காலெட்டுக்கு வசதியாகப் போயிருக்க வேண்டும்.

104 வீடு, 489 பேர்: இந்தக் கணக்கு என்ன சொல்கிறது?

கோட்டைப் பதிவின்படி காலெட்டின் இந்தப் புதிய பேட்டையில் 104 வீடுகள், 10 கடைகள், ஒரு கோவில், மொத்தம் 489 பேர். நெசவாளர்கள், துணியில் வண்ணம் எழுதுவோர், மற்ற கைத்தொழில்காரர்கள் என்று கலந்த குடியிருப்பு. இந்த எண்களை வெறுமனே மேற்கோள் காட்டிவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம்.

வீட்டுக்குச் சராசரி 4.7 பேர். கிழவர்கள், உறவுகள் எல்லாம் கூடிவந்த பெருங்குடும்பங்கள் இல்லை, வேலைக்கு வந்த சிறு குடும்பங்கள். பத்து வீட்டுக்கு ஒரு கடை என்பது ஒரு விவசாயக் கிராமத்துக்கு மிக அதிகம். அரிசி, எண்ணெய், வெற்றிலை எல்லாவற்றையும் காசு கொடுத்து வாங்கும் ஊருக்கு அது சரியான அளவு.

இனி நூல். அன்றைய லாங்கிளாத் ஒன்றின் நீளம் 72 முழம், அதாவது 36 கெஜம். துணியின் தரத்தைப் புஞ்சக் கணக்கில் சொல்வார்கள். ஒரு புஞ்சம் 120 பாவு இழை. பாவு என்பது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல், ஊடை குறுக்கே ஓடும் நூல். 18 புஞ்சத் துணி ஒன்றை எடுத்துக்கொள்வோம்:

1. பாவில் 18 × 120 = 2,160 இழை. ஒவ்வொன்றும் 36 கெஜம் என்றால் 77,760 கெஜம் நூல்.
2. ஊடைக்கும் கிட்டத்தட்ட அதே அளவு. மொத்தம் சுமார் 1,55,000 கெஜம், ஏறக்குறைய 142 கிலோமீட்டர்.
3. ராட்டையில் ஒருவர் நாளைக்கு 1,500 கெஜம் நூற்கிறார் என்று வைத்தால், ஒரு துணிக்கு நூறு நாளுக்கும் மேல் நூற்பு வேலை.
4. நெசவாளர் நாளைக்கு இரண்டு கெஜம் நெய்தால் 18 நாள். பாவு தயாரிக்க நான்கு நாள் சேர்த்தால் 22.

ஆக ஒரு தறி ஓயாமல் ஓட நாலைந்து ராட்டை சுற்ற வேண்டும். பேட்டையில் ஐம்பது தறி இருந்ததாக வைத்தாலே இருநூறுக்கு மேற்பட்ட நூற்போர் தேவை. குழந்தைகளையும் சேர்த்து 489 பேர் இருந்த ஊரில் அது நடக்காது, நெசவாளர் வீட்டுப் பெண்களுக்குத் தார் (ஊடை நூல் சுற்றும் குழல்) சுற்றவும் பாவு ஓடவுமே பொழுது சரியாக இருக்கும். அதாவது பேட்டை தன் நூலைத் தானே நூற்றுக்கொண்ட ஊர் இல்லை, சுற்றுக் கிராமங்களிலிருந்தும் சந்தையிலிருந்தும் நூல் வந்தே தீர வேண்டும். பேட்டைகள் பலவீனப்படும் முதல் இடம் இதுதான். பஞ்சு விலை ஏறினால், வண்டிப்பாதை அடைபட்டால், தறி நல்ல நிலையில் இருந்தும் சும்மா கிடக்கும்.

தெருவும் தறிக்குழியும் கிணறும்

நெசவு ஊருக்கு வீட்டைவிடத் தெரு முக்கியம். பாவு இழைகளை முழு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, சிக்கெடுத்து, கஞ்சி தோய்த்து, வாரி, உலர்த்துவது தெருவில்தான். 36 கெஜம் என்றால் 108 அடி. இரு முனையிலும் கட்டை ஊன்ற இடம் வேண்டும், பாவின் இருபுறமும் ஆட்கள் வாருகோலோடு நடக்க வேண்டும். வளைவில்லாத, மேடுபள்ளமில்லாத தெரு இல்லாமல் இது ஆகாது. நத்தம் நிலத்தில் தானாக முளைக்கும் கோணல் சந்துகள் இதற்கு உதவாது. பழைய நெசவுப் பேட்டைகளில் தெருக்கள் நேர்கோடாக இருப்பதற்கு அழகுணர்ச்சியைக் காரணமாகச் சொல்ல வேண்டியதில்லை.

நேரமும் முக்கியம். விடியலில் கஞ்சி போட்டால் இளவெயிலில் பதமாக உலரும். உச்சி வெயிலில் காய்ந்த நூல் முறுகி, தறியில் ஏறியதும் அறுந்துகொண்டே இருக்கும். நண்பகல் வாக்கில் சென்னைக் கரையில் கடல்காற்று எழும்பிவிடும், விரித்த பாவை அது புரட்டிப் போடும். ஆகவே தெரு வேலை காலைக்குள் முடிய வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பாவு போடவே முடியாது. மழைக்கு முன் போட்டுச் சுருட்டி வைத்த பாவு எவ்வளவோ அவ்வளவுதான் அந்த இரண்டு மாத வருமானம்.

கடலோரத்தில் ஒரு அனுகூலம் உண்டு. காற்றில் ஈரம் இருப்பதால் பருத்தி நூல் எளிதில் அறாது. அதே கடலோரம் குழித்தறிக்கு விரோதி. நெசவாளர் காலை இறக்கி மிதிக்கட்டையை இயக்க இரண்டு, இரண்டரை அடிக் குழி வேண்டும். மணலில் தோண்டிய குழி பக்கவாட்டில் சரியும், களிமண் கொண்டுவந்து கரை பூச வேண்டும். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலேறிக் குழியில் ஊறும். அப்போது கால் வைக்க முடியாது, தறியின் பாகங்களான விழுதும் அச்சும் பூஞ்சணம் பிடிக்கும். தரையை உயர்த்திக் கட்டிய வீட்டில் மட்டுமே தறி வருஷம் முழுக்க நிற்கும்.

தண்ணீர் இன்னொரு தலைவலி. இந்த மணல் பட்டையில் நல்ல தண்ணீர் மேலாக, உப்புத் தண்ணீருக்கு மேல் மிதந்து நிற்கிறது. ஆழமில்லாத கிணற்றில் அளவாக இறைத்தால் இனிக்கும், அதிகம் இறைத்தால் கரிக்கும். குடிக்கவும் கஞ்சி காய்ச்சவும் அது போதும். சீட்டித் துணிக்குப் போதாது. கடுக்காய், படிகாரம், சிவப்புக்குச் சாயவேர், நீலத்துக்கு அவுரி என்று ஒவ்வொரு கட்டத்திலும் துணியை அலச வேண்டும், வெள்ளைத் துணியையும் வெளுத்துத்தான் கப்பலேற்ற வேண்டும். காலடிப்பேட்டையில் ஆறு இல்லை. கடற்கரை மணலில் விளையும் சாயவேர் பக்கத்திலேயே கிடைத்தாலும், அலசும் தண்ணீருக்குத் தட்டுப்பாடுதான்.

முன்பணம் எங்கே கெடும்?

கம்பெனி நெசவாளரிடம் நேரடியாகத் துணி வாங்கவில்லை. தலைமை வியாபாரிகளோடு ஒப்பந்தம் போட்டு முன்பணம் கொடுக்கும். அது தரகர்கள் வழியாகத் தறிக்காரர் கைக்கு வரும். நூல் வாங்க அவரிடம் முதல் இல்லாததால் இந்த ஏற்பாடு தவிர்க்க முடியாதது. வராகன், பணம், காசு என்று எண்ணிக் கொடுத்த அந்தத் தொகை, துணியாகத் திரும்பி வரும் வழியில் பல இடங்களில் ஒழுகும்.

அரிசி விலை ஏறினால் முதலில் கரைவது முன்பணம்தான். நூல் வாங்க வைத்திருந்தது சோற்றுக்குப் போய்விடும். மிச்சக் காசில் வாங்கிய குறைந்த நூலைக்கொண்டு அதே நீளத்தை எட்ட, ஊடையை நெருக்கி அடிக்காமல் விட்டுவிடுவார்கள், அல்லது புஞ்சத்தைக் குறைப்பார்கள். பார்வைக்கு ஒன்றும் தெரியாது. கோட்டைக் கிடங்கில் மாதிரித் துணியோடு வைத்துத் தரம் பிரிக்கும்போது தெரிந்துவிடும். கழித்த துணிக்கு விலை குறையும், நஷ்டத்தை வியாபாரி தரகர் மீதும் தரகர் நெசவாளர் மீதும் இறக்குவார்கள். அது அடுத்த முன்பணத்தில் பழைய பாக்கியாகப் பிடிக்கப்படும். இரண்டு பருவம் இப்படிப் போனால் நெசவாளர் ஊரை விட்டே கிளம்பிவிடுவார். தறி என்பது சில மரத்துண்டுகள்தான், குழியை எந்த ஊரிலும் தோண்டிக்கொள்ளலாம்.

அந்தக் காலத்தில் நெசவாளருக்கு இருந்த ஒரே பலமான பேரம் இந்த இடம்பெயரும் உரிமை. அவர்களைத் தன் எல்லைக்குள் வீடு கொடுத்து உட்கார வைப்பதில் கம்பெனிக்கு இருந்த அக்கறையைத் தயாளம் என்று மட்டும் படிப்பது ஏமாளித்தனம்.

கோவில் எதற்கு?

இப்போது அந்தக் கதைக்கு வரலாம். காலெட்டிடம் வேலை பார்த்த வீரராகவன் என்பவர் காஞ்சி வரதராஜரின் பக்தர். ஒருநாள் காலெட், காஞ்சியில் இந்த நேரம் என்ன நடக்கிறது என்று கேலியாகக் கேட்க, இவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே உற்சவத்தில் நடப்பதைச் சொன்னாராம். ஆளனுப்பி விசாரித்ததில் சொன்னது அப்படியே இருந்ததாம். வியந்துபோன காலெட் அவருக்காகக் கல்யாண வரதராஜப் பெருமாள் கோவிலைக் கட்டிக் கொடுத்தார் என்பது வழக்கு. அவர் நாள்தோறும் காஞ்சிக்குப் போய் வந்தார் என்று சேர்த்துச் சொல்வதும் உண்டு. எழுபது கிலோமீட்டருக்கு மேல் உள்ள ஊருக்கு நடந்தோ குதிரையிலோ தினசரி போய்வருவது நடக்காத காரியம்.

கதையைத் தள்ளிவிடுவதும் அவசரம். 104 வீட்டுக் கணக்கிலேயே ஒரு கோவில் தனியாக எண்ணப்பட்டிருக்கிறது. பேட்டையின் முதல் சில ஆண்டுகளிலேயே, கவர்னரின் அறிவோடு கோவில் இருந்தது என்பது உறுதி. பெயர்த்துக் கொண்டுவந்த குடும்பங்களுக்குத் திருவிழா வேண்டும், கல்யாணம் நடத்த இடம் வேண்டும், பஞ்சாயத்துக் கூட மண்டபம் வேண்டும், தங்களுக்குள் மரியாதை வரிசை தீர்மானமாக வேண்டும். திருவொற்றியூர்க் கோவில் கூப்பிடு தூரத்தில் இருந்தாலும், அங்கே முதல் மரியாதை எல்லாம் பழைய குடிகளுக்கே. புதிதாக வந்தவர்கள் ஓரமாகத்தான் நிற்க வேண்டும். சொந்தக் கோவில் உள்ள நெசவாளர் பாக்கிக்குப் பயந்து ராத்திரியோடு ராத்திரியாக ஓடுவதற்கு இரண்டு முறை யோசிப்பார். வீரராகவனின் பக்தி, கவர்னரின் கணக்கு இரண்டும் ஒரே இடத்தில் சந்தித்திருக்கின்றன. இரண்டில் ஒன்றைப் பொய்யாக்க வேண்டிய தேவை எனக்குத் தெரியவில்லை.

சிந்தாதிரிப்பேட்டையோடு வைத்துப் பார்த்தால்

15 ஆண்டுகள் கழித்து, 1734-ல், கவர்னர் ஜார்ஜ் மார்ட்டன் பிட் சிந்தாதிரிப்பேட்டையை நிறுவினார். இதே யோசனைதான், ஆனால் காலடிப்பேட்டையில் இல்லாதவை அங்கே இருந்தன. இடம் கூவத்தின் வளைவுக்குள், அதாவது மூன்று பக்கம் தண்ணீர். அதற்கு எடுத்தது சுங்குராமச் செட்டியின் தோட்டம், பாவு போட நிழல் தரும் மரங்கள் உள்ள நிலம். கோட்டையிலிருந்து தூரம் குறைவு. குடியேறுவோருக்கும் வரையறை உண்டு: நூற்போர், நெய்வோர், வண்ணம் எழுதுவோர், வெளுப்போர், சாயக்காரர், கோவிலைச் சேர்ந்த பிராமணர்கள், நடனப் பெண்கள். நூற்பவர்களைச் சேர்த்தே குடியேற்றியதைக் கவனிக்க வேண்டும். பிட் காலடிப்பேட்டையைப் பார்த்துத்தான் திருத்திக்கொண்டார் என்று சொல்ல எழுத்துச் சான்று தேவை. ஆனால் தண்ணீர், நூல், தூரம் என்று எதெல்லாம் வடக்கே இடறியதோ அதெல்லாம் தெற்கே சரிசெய்யப்பட்டிருக்கிறது.

அதன் பிறகு

1720 ஜனவரியில் காலெட் பதவியை விட்டார். 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள், 1758–59-ல் மறுபடி முற்றுகையிட்டார்கள். ஹைதர் அலியின் படைக்குப் பயந்து 1769-க்குப் பிறகு கறுப்பர் நகரத்தை (கோட்டைக்கு வெளியே இந்தியர்கள் வாழ்ந்த பகுதியை)ச் சுற்றி மதில் எழுந்தபோது, காலடிப்பேட்டை அதற்கு வெகு வடக்கே, வெளியிலேயே நின்றது. காவல் மதிலுக்குள் இருப்பவர்களுக்கு, கடலோரச் சாலையில் தனியாக நிற்கும் பேட்டைக்கு அல்ல.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் லங்காஷயர் ஆலை நூல் வந்ததும் முதலில் விழுந்தது ராட்டை. தறி உடனே விழவில்லை, மலிவான நூல் கிடைத்ததால் சில காலம் தாக்குப்பிடித்தது. ஆலைத் துணி வந்தபோது அதுவும் தளர்ந்தது. பெரம்பூரில் 1876-ல் பக்கிங்ஹாம் ஆலையும் 1881-ல் கர்நாடிக் ஆலையும் வந்தபின் வடசென்னையில் நெசவு என்றாலே சங்கு ஊதி ஷிப்டுக்குப் போகிற வேலையாயிற்று. இருபதாம் நூற்றாண்டில் திருவொற்றியூர்ப் பக்கம் விம்கோ தீப்பெட்டி ஆலை, பலூன் செய்வதில் தொடங்கிய எம்ஆர்எஃப், என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் ஆலை என்று ஒவ்வொன்றாக வந்தன. பேட்டையைச் சுற்றியிருந்த வெற்றிடம் தொழிலாளர் வீடுகளால் நிரம்பியது. திருவொற்றியூர் நகராட்சி 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. கல்யாண வரதராஜப் பெருமாள் கோவிலில் வழிபாடு தொடர்ந்து நடக்கிறது.